அப்பா–மகன் பிணக்கை வைத்து ஒரு சூப்பர் ஹீரோ காமிக்ஸ்: 24 பக்கத்தில் செய்து முடிக்கும் வழி

முதன்முதலாகச் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் செய்ய உட்காருகிறவர்கள் பெரும்பாலும் உடையில்தான் தொடங்குகிறார்கள். மார்பில் ஒரு சின்னம், முகமூடி, வானத்தில் பறக்கிற ஒரு படம். கதைக்கு வரும்போது அந்த உடைக்குள் இருப்பவன் யார் என்று தெரியாமல் வேலை நின்றுபோகும். அப்பாவும் மகனும் முட்டிக்கொள்ளும் கதைக்கு இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் பிணக்கு. பிணக்கிலிருந்து சக்தி. சக்தியிலிருந்து பக்கங்கள். உடை கடைசியில் வந்தால் போதும், வராவிட்டாலும் குறையில்லை.

இங்கே எடுத்துக்கொள்ளும் அளவு: ஏ5 (ஏ4 தாளில் பாதி), உள்பக்கம் கருப்பு வெள்ளை, அட்டை நான்கு பக்கம், கதை இருபது பக்கம், ஆக 24. தனி ஆளாக எழுதி வரைந்து சில மாதங்களில் முடிக்கக்கூடிய அளவு இது. நூறு பக்கத் திட்டங்கள் முதல் முயற்சியில் பெரும்பாலும் பன்னிரண்டாம் பக்கத்தில் படுத்துவிடும்.

சக்தியைப் பிணக்கிலிருந்து எடுங்கள்

ஒரு சோதனை. கதையிலிருந்து சக்தியை எடுத்துவிட்டுப் பாருங்கள். அப்பாவும் மகனும் அதே காரணத்துக்காக, அதே மாதிரி பேசாமல் இருக்கிறார்கள் என்றால் அந்தச் சக்தி வெறும் அலங்காரம். அப்பா பறப்பார், மகனுக்கு மார்க் குறைவு, அதனால் சண்டை என்றால் பறப்பது எதற்கு? சக்தியே இருவருக்கும் நடுவில் நிற்கும் சுவராக இருக்க வேண்டும்.

கட்டுரை முழுக்க ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம். இடம் தூத்துக்குடி. அப்பா செல்வராசு, உப்பளத்தில் இரவுக் காவல். அவர் உடம்பில் விழுகிற அடி எதுவும் அவருக்கு வலிக்காது. ஆனால் அந்த விசை உள்ளேயே தங்கிவிடும். நிறைந்தால் உள்ளங்கை வழியே இறக்கியாக வேண்டும். எப்போது கசியும் என்று அவருக்கே தெரியாது. அதனால் மகன் அருளை அவர் தொடுவதே இல்லை. பதினேழு வயதுப் பையனுக்கு அது எப்படித் தெரியும்? பரிசு வாங்கி வந்த நாளில்கூடத் தோளில் கை வைக்காத அப்பா, அவ்வளவுதான். அருளுடைய இடது முழங்கை கொஞ்சம் கோணல். தொட்டிலிலிருந்து விழுந்தாய் என்று அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். உண்மையில் குழந்தையாக இருந்தபோது அப்பா ஆசையாகத் தூக்கியதில் உடைந்த எலும்பு அது.

இந்த உதாரணத்தில் இரண்டு லாபம். பிணக்கு முழுவதும் கையில் இருக்கிறது, கை என்பது வரையக்கூடிய பொருள். மனசுக்குள் நடப்பதைப் பெட்டி போட்டு எழுதி விளக்கத் தேவையில்லை. இன்னொன்று, உப்பளம் புதிதாக வரைபவருக்குத் தோதான இடம். ஒரு கிடைக்கோடு, சதுரம் சதுரமாகப் பாத்திகள், வரப்பு, தூரத்தில் ஓலை போர்த்திய உப்பு அம்பாரங்கள். நகரத் தெருவை நூறு கட்டத்தில் (சட்டமிட்ட நூறு தனிப்படத்தில்) வரைகிற உழைப்பு மிச்சம்.

உங்கள் கதைக்கு இதே மாதிரி செய்ய, ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் அப்பா தான் கொடுத்ததாக நினைப்பவை. வலப்பக்கம் மகன் தனக்குக் கிடைக்கவில்லை என்று நினைப்பவை. ஒரே சம்பவம் இரண்டு பக்கத்திலும் வேறு வேறு கணக்கில் ஏறும் இடத்தைத் தேடுங்கள். செல்வராசு கணக்கில் ‘தொடாமல் காப்பாற்றினேன்’. அருள் கணக்கில் ‘தொடக்கூட மாட்டார்’. சக்தி அங்கிருந்து பிறக்க வேண்டும். அப்படி ஓர் இடம் கிடைக்கும்வரை வரையத் தொடங்காதீர்கள். ஒருவர் பக்கம் முழு நியாயமும் மற்றவர் பக்கம் வெறும் பிடிவாதமும் இருந்தால், வாசகர் எட்டாம் பக்கத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுவார்.

யாருக்கு எப்போது தெரிய வேண்டும்

இந்த வகைக் கதைக்கு உயிரே ரகசியம் வெளிப்படும் வரிசைதான். மூன்று பேரைக் கணக்கில் வையுங்கள்: அப்பா, மகன், வாசகர். மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் உண்மை தெரிந்தால் ஒரு திடுக்கிடல் மட்டும் கிடைக்கும். வாசகருக்கு முதலில் தெரிந்து மகனுக்குப் பிறகு தெரிந்தால், நடுவிலுள்ள ஒவ்வொரு சாப்பாட்டுக் காட்சியும் பதற்றமாகிவிடும்.

ராபர்ட் கிர்க்மன் எழுதி, கோரி வாக்கரும் ராயன் ஒட்லியும் வரைந்து, 2003 முதல் 2018 வரை இமேஜ் காமிக்ஸ் வெளியிட்ட ‘இன்வின்சிபிள்’ என்ற அமெரிக்க சூப்பர் ஹீரோ காமிக்ஸ் தொடர் 144 இதழ் ஓடியது. அதன் தொடக்கத்தைப் பாருங்கள். முதல் ஆறு இதழில் மகன் மார்க்குக்கு அப்பா நோலன் ஒரு முன்மாதிரி; வாசகருக்கும் அப்படித்தான். ஏழாவது இதழில் நோலன் மற்ற நாயகர்களைக் கொல்வதை வாசகர் பார்த்துவிடுகிறார். மகனுக்குத் தெரியாது. பதினோராம் இதழில்தான் அப்பா வாய் திறக்கிறார். அந்த இடைவெளியில் இருவரும் சாதாரணமாகப் பேசிக்கொள்வதைப் படிப்பதே நெஞ்சை அடைக்கிறது. முதல் ஆறு இதழின் பாசம் நிஜமாகத் தெரிந்ததால்தான் பிறகு விழும் அடி வலிக்கிறது. இருபது பக்கத்தில் ஆறு இதழுக்கு இடமில்லை, ஆனால் விகிதத்தை எடுத்துக்கொள்ளலாம்.

நம் உதாரணத்தில் அது இப்படி விழும். முதல் பக்கம், அருள் வாலிபால் ஆடுகிறான். இடது கை முழுதாக நிமிராது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, படத்தில் மட்டும் தெரிகிறது. இரண்டும் மூன்றும் வீடு. நான்காம் பக்கம் முழுப்பக்கப் படம்: நள்ளிரவில் செல்வராசு உள்ளங்கையை மண்ணில் ஊன்ற, அம்பாரம் வெடித்துச் சிதறுகிறது. இனி வாசகருக்குத் தெரியும். ஐந்திலிருந்து ஏழு வரை பரிசளிப்பு விழா, ஊர் பார்க்க அப்பா மகன் கையைக் குலுக்காமல் ஒதுங்குகிறார். எட்டும் ஒன்பதும், அருளுக்குள்ளும் ஏதோ இருக்கிறது. கோபத்தில் அவன் பிடித்த கதவின் அதிர்வு அவன் வழியாகப் பாய்ந்து எதிர்ச்சுவரில் விரிசலாகிறது. அவன் உடம்பில் எதுவும் தங்குவதில்லை, கடந்துபோகிறது. பத்தும் பதினொன்றும் வாக்குவாதம். பன்னிரண்டிலிருந்து பதினைந்து வரை துறைமுகத்தில் கிரேன் கயிறு அறுந்து விழும் கன்டெய்னர், அடியில் ஆட்கள். செல்வராசு தாங்குகிறார், நிறைந்துவிடுகிறார், இறக்க இடமில்லை. பதினாறில் அருள் கையை நீட்டுகிறான். பதினேழும் பதினெட்டும் அந்தக் கை. பத்தொன்பதில் முழங்கையின் கதை. இருபது, வீடு.

விபத்துக்கும் சாகசத்துக்கும் சேர்த்து நான்கே பக்கம் ஒதுக்கியிருப்பதைக் கவனியுங்கள். கதை பிசகும் முதல் இடம் இதுதான். சண்டை வரைய ஆசையாக இருக்கும், பத்துப் பக்கம் ஓடிவிடும், அப்பாவும் மகனும் பேச வேண்டிய இடத்துக்கு ஒன்றரைப் பக்கம் மிஞ்சும். உடனே ஆளுக்கு நாற்பது சொல்லில் மன்னிப்புக் கேட்பார்கள். அதை யாரும் நம்ப மாட்டார்கள்.

வேறு இரண்டு குறுக்குவழிகளும் இதே கதையைக் கெடுக்கும். ஒன்று, கடைசியில் அப்பாவைக் கொன்றுவிடுவது. செத்தவரோடு யாருக்கும் பிணக்கில்லை. கதை தீரவில்லை, கழன்றுகொண்டது. மற்றொன்று, சக்தி எப்படி வந்தது என்று மூன்று பக்கம் விளக்குவது. மின்னலா, ரசாயனமா என்பது இந்த வாசகருக்கு வேண்டாம்.

புத்தகத்தின் மடிப்பு கதையை முடிவு செய்யும்

அட்டை தனித்தாள். அதைச் சேர்த்து எண்ணினால் கதையின் முதல் பக்கம் புத்தகத்தின் மூன்றாம் பக்கம், வலப்பக்கத்தில் வரும். ஆகவே கதையின் இரட்டைப்படைப் பக்கங்கள் எல்லாம் இடப்பக்கம், அதாவது தாளைப் புரட்டியதும் கண்ணில் படுபவை. திடுக்கிட வைக்கும் படம் எதுவானாலும் இரட்டைப்படையில் வையுங்கள். உப்பு வெடிப்பது நான்கில், கை நீள்வது பதினாறில் என்று வைத்தது அதனால்தான். ஒற்றைப்படையில் வைத்தால், பக்கத்துப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கும்போதே ஓரக்கண்ணில் தெரிந்து ரகசியம் போய்விடும்.

நடுப்பக்கம் கதையின் பத்தும் பதினொன்றும். நடுவில் ஸ்டேப்ளர் பின் அடிக்கும் புத்தகத்தில் இரண்டு பக்கமும் ஒரே தாளில், ஒட்டாக அச்சாகும் இடம் இது மட்டுமே. மற்ற எல்லா இடத்திலும் இடப்பக்கம் ஒரு தாள், வலப்பக்கம் இன்னொரு தாள். மடிக்கும்போது ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் நகரும், குறுக்கே போகும் கோடு உடையும். ஆகவே இரண்டு பக்கம் விரிந்த படம் ஒன்றுதான் வரையப்போகிறீர்கள் என்றால் அதை இங்கே வையுங்கள். இந்த இடத்தை வழக்கமாகப் பெரிய மோதலுக்குக் கொடுப்பார்கள். இந்தக் கதைக்கு அதைவிடப் பொருத்தம்: இடது ஓரத்தில் அப்பா, வலது ஓரத்தில் மகன், நடுவில் வெறும் உப்புப் பாத்தி, சரியாக நடுவில் பின். முகம் எதையும் மடிப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டருக்குள் கொண்டுவராதீர்கள்.

ஸ்கிரிப்டை எப்படி எழுதுவது

பக்கத்துக்குச் சராசரி ஐந்து கட்டம் வையுங்கள். இருபது பக்கத்துக்கு நூறு கட்டம். அமைதியான வீட்டுக் காட்சிக்கு ஆறு முதல் ஒன்பது, விபத்துக்கு மூன்று அல்லது நான்கு. ஒரு கட்டத்தில் ஒரே செயல். ‘அருள் கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து உட்கார்ந்தான்’ என்பது நான்கு செயல். எது படத்தில் வரும் என்று வரைபவருக்குத் தெரியாது.

நம் வீடுகளில் பேச்சு முறிந்த அப்பாவும் மகனும் நேருக்கு நேர் கத்திக்கொள்வது குறைவு. அம்மாவை நடுவில் வைத்துத்தான் பேசுவார்கள். காமிக்ஸுக்கு இது அருமையான வசதி. யார் யாரைப் பார்க்கிறார்கள், பலூனின் (வசனம் எழுதும் குமிழின்) வால் யாரிடம் போகிறது என்பதிலேயே முழுப் பிணக்கும் வந்துவிடும். இரண்டாம் பக்கத்தை இப்படி எழுதலாம்:

பக்கம் 2, ஆறு கட்டம். எல்லாக் கட்டமும் ஒரே அளவு, ஒரே கோணம். அடுப்படி வாசல். இடப்பக்கம் தரையில் செல்வராசு, சாப்பிட்டுக்கொண்டு. நடுவில் அம்மா, சட்டியோடு. வலப்பக்கம் நிலைப்படியில் அருள்.
கட்டம் 1. செல்வராசு இலையைப் பார்த்தபடி: “ஒம் மவன் வந்துட்டானா?”
கட்டம் 2. அம்மா, வலப்பக்கம் திரும்பி: “எய்யா, அப்பா கேக்காவ.”
கட்டம் 3. அருள் அம்மாவைப் பார்த்து: “வந்துட்டேன்னு சொல்லும்மா.”
கட்டம் 4. வசனம் இல்லை. அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்க்கிறாள்.
கட்டம் 5. செல்வராசு: “சாப்பிடச் சொல்லு.” வலது கையில் சோறு. இடது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கியிருக்கிறார்.
கட்டம் 6. அருள் இருந்த இடம் காலி. செல்வராசு முதன்முறையாக அந்தப் பக்கம் பார்க்கிறார்.

கோணத்தை மாற்றாமல் வைத்திருப்பதுதான் இந்தப் பக்கத்தின் பலம். கேமரா அசையாதபோது பார்வை நகர்வது பெரிதாகத் தெரியும். ஐந்தாம் கட்டத்தில் ஒளிந்திருக்கும் இடது கையை முதல் வாசிப்பில் யாரும் கவனிக்காமல் போகலாம், இரண்டாம் வாசிப்பில் அகப்படும். இருபதாம் பக்கத்தில் இதே ஆறு கட்டம், இதே கோணம் திரும்பி வர வேண்டும். ஒன்றே ஒன்று மாறும்: அப்பா நேராக மகனைப் பார்த்து “சாப்பிட்டியா?” என்கிறார். அதற்கு மேல் ஒரு வரியும் எழுதாதீர்கள்.

அம்மாவை வெறும் தபால்காரி ஆக்கிவிடும் ஆபத்து இந்த அமைப்பில் உண்டு. அவளுக்கென்று ஒரு முடிவு வேண்டும். தொட்டில் கதையைக் கட்டியவள் அவள்தான். அதை உடைப்பதா வேண்டாமா என்பது பத்தொன்பதாம் பக்கத்தில் அவள் கையில் இருக்கட்டும்.

பேச்சுமொழியை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். தூத்துக்குடி என்றால் அந்த ஊர்ப் பேச்சு முழுக்க வர வேண்டும். ஒரு பக்கம் ‘கேக்காவ’, அடுத்த பக்கம் சென்னைப் பேச்சு என்று கலந்தால் வாசகர் உடனே கண்டுபிடிப்பார். உங்களுக்குப் பழகிய ஊர்ப் பேச்சு எதுவோ அந்த ஊருக்கே கதையைக் கொண்டுபோவது நல்லது.

சின்னப் படங்கள்

ஸ்கிரிப்ட் முடிந்ததும் நேராகப் பெரிய தாளுக்குப் போகாதீர்கள். ஒரு ஏ4 தாளில் எட்டுச் சிறிய செவ்வகம் போட்டு, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் என்று குச்சி மனிதர்களாக வரையுங்கள். இருபது பக்கமும் மூன்று தாளில் முடிந்துவிடும். பலூன்களையும் இப்போதே வட்டமாகப் போடுங்கள். பலூனை மறந்து வரைந்துவிட்டு, கடைசியில் தலைமேல் இடமில்லாமல் முகத்தை மறைப்பது எல்லாப் புதியவர்களுக்கும் நேரும் விபத்து.

இடம்–வலம் என்ற கணக்கு இங்கே தீர வேண்டும். தமிழ் இடமிருந்து வலம் படிக்கப்படுவதால் முதலில் பேசுகிறவர் இடப்பக்கம் நிற்க வேண்டும். அப்பாவை இடத்திலும் மகனை வலத்திலும் நிரந்தரமாக வைத்தால், மகன் முதலில் பேசும் கட்டத்தில் சிக்கல் வரும். பலூன் வால்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். அப்போது மகனின் பலூனை மேலே ஏற்றி, அப்பாவின் பதிலைக் கீழே இறக்குங்கள். மேலே இருப்பதைக் கண் முதலில் படிக்கும். கட்டத்தின் உயரத்தில் மேல் மூன்றில் ஒரு பங்கை இதற்காகக் காலியாக விட்டு வையுங்கள்.

பதினேழாம் பக்கத்தில் மட்டும் இருவரும் இடம் மாறட்டும். அதுவரை ஒரு கட்டத்தில்கூட மாறாமல் காத்திருந்தால்தான் அந்த மாற்றம் பலிக்கும்.

வரைவதும் மை போடுவதும்

இருவரும் ஒரே வீட்டு ஆட்கள் என்று முகம் சொல்ல வேண்டும். மூன்று அடையாளத்தைத் தேர்ந்துகொண்டு இருவருக்கும் கொடுங்கள்: புருவக் கோடு, காது மடல், தாடை. மற்றவை வேறாக இருக்கட்டும். வீரநாயகனை அவன் தலையைப் போல எட்டு மடங்கு, அதாவது எட்டுத் தலை உயரத்துக்கு வரைவது சூப்பர் ஹீரோ காமிக்ஸின் வழக்கம். சாதாரண மனிதர் ஏழரைத் தலை. செல்வராசுவை ஏழரைக்கே வையுங்கள், தோள் கொஞ்சம் முன்னால் விழட்டும். கன்டெய்னரைத் தாங்கும் பக்கத்தில் மட்டும் அவர் நிமிர்ந்து எட்டுத் தலை ஆகலாம்.

இந்தக் கதை கையில் நிற்கிறது, கையோ வரைவதற்குக் கஷ்டமான உறுப்பு. பக்கங்களைத் தொடங்கும் முன் அப்பா கை, பையன் கை இரண்டையும் தனித்தனியாகப் பழகுங்கள். உப்பளத்தில் உழைத்த கைக்கு முட்டிகள் பெரிது, நகம் குட்டை, தோலில் வெடிப்பு. பையன் கைக்கு விரல் நீளம், கோடு குறைவு. விரல் விரலாகத் தொடங்கினால் கை கெடும். உள்ளங்கையை ஒரு சதுரப் பெட்டியாகவும், நான்கு விரலைச் சேர்த்து ஒரு தட்டையான துண்டாகவும் போட்டுவிட்டு, பிறகு விரல்களைப் பிரித்து வரையுங்கள். உங்கள் இடது கையைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துப் பார்த்து வரைவதில் தவறே இல்லை.

தாளில் வரைகிறீர்கள் என்றால் ஏ3 தாளுக்கு நடுவில் ஏ4 சட்டம் போட்டு அதற்குள் வரையுங்கள். அச்சில் அது ஏ5 ஆகச் சுருங்கும், அதாவது 71 சதவீதம். சின்னச் சின்ன நடுக்கங்கள் மறையும். கோடும் மெலியும்: 0.1 மில்லிமீட்டர் பேனாக் கோடு அச்சில் 0.07 ஆகி ஆங்காங்கே விட்டுப்போகும். 0.3-க்குக் கீழே போகாதீர்கள். பின்னணிக்கு 0.3, ஆட்களுக்கு 0.5, கட்டச் சட்டத்துக்கு 0.8 என்று வைத்தால் தெளிவாகப் பிரியும். கட்டங்களுக்கு நடுவே சந்து ஏ4 அளவில் 5 மில்லிமீட்டர் இருக்கட்டும். பெரிய கருப்பு நிரப்பலுக்குப் பேனா வேண்டாம், தூரிகையும் இந்தியன் இங்க்கும் போதும்.

மைக்கு முன் போடும் வரைவுக் கோட்டை வெளிர்நீலப் பென்சிலில் போட்டால் அழிரப்பர் வேலை மிச்சம். 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) வண்ண ஸ்கேன் எடுத்து, சிவப்பு, பச்சை, நீலம் என்று படம் பிரியும் மூன்று சேனலில் நீலத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் நீலக் கோடு தாளோடு வெளுத்துப் போகும், கருப்பு மட்டும் நிற்கும். நேராகக் கணினியில் வரைபவர்கள் ஏ5-க்கு நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் வெட்டு ஓரம் (அச்சடித்தபின் வெட்டிப்போகும் பகுதி) சேர்த்து 154 × 216 மில்லிமீட்டர், 600 டிபிஐ என்று கோப்பைத் திறக்க வேண்டும்; சுமார் 3638 × 5102 பிக்சல். 72 டிபிஐயில் தொடங்கிவிட்டு முடிவில் பெரிதாக்கினால் கோடெல்லாம் பல் பல்லாக வரும், சரிசெய்ய வழியே இல்லை.

உப்பளம் வெள்ளை, இரவு கருப்பு. இடைப்பட்ட சாம்பல் நிறத்தைக் குறைவாகப் பயன்படுத்துங்கள். வீட்டுக்குள் மட்டும் சாம்பல், வெளியே சுத்தக் கருப்பு வெள்ளை என்று ஒரு விதி வைத்தாலே இருபது பக்கத்துக்கும் ஒரு ஒழுங்கு வந்துவிடும்.

எழுத்து வைப்பது

தமிழ்க் காமிக்ஸ் செய்பவர்கள் அதிகம் அடிபடும் இடம் இது. அமெரிக்க காமிக்ஸில் பலூனுக்கு 25 சொல், பக்கத்துக்கு 210 சொல் என்று ஒரு பழைய வரம்பு உண்டு. அதை அப்படியே எடுக்காதீர்கள். தமிழில் சொற்கள் ஒட்டிக்கொண்டு நீளும். ‘போய்விட்டிருக்கிறான்’ ஒரே சொல், பலூனில் ஒரு முழு வரி. பலூனுக்கு 12 சொல், பக்கத்துக்கு 90 சொல் என்பது ஏ5-க்குத் தாங்கும். பலூனை உயரமாக வைக்காமல் அகலமாக வையுங்கள், நீளச் சொல்லை உடைக்காமல் வரி அமையும்.

மேலே ‘கி’, ‘கீ’ வளைவும் கீழே ‘கு’, ‘கூ’ சுழியும் வருவதால் வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். 9 புள்ளி (பாயின்ட்) அளவு எழுத்துக்கு 12 புள்ளி இடைவெளி வைத்துத் தொடங்குங்கள். எழுத்துக்கும் பலூன் விளிம்புக்கும் நடுவே ஓர் எழுத்து அகலம் காலி விடுங்கள். நெருக்கினால் படிப்பவருக்கு மூச்சு முட்டும்.

எழுத்துரு யூனிகோடு எழுத்துருவாக இருக்கட்டும். ‘பலூ தம்பி 2’ உருண்டையாக, பல தடிமனில் கிடைக்கிறது. சத்தம் போடும் இடத்துக்குத் தடித்ததைப் போடலாம். ‘கவிவாணர்’ சாய்ந்த கையெழுத்துப் பாணி. மனசுக்குள் பேசுவதற்கோ கடிதத்துக்கோ பொருந்தும். இரண்டும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம், விற்கும் புத்தகத்திலும் பயன்படுத்தலாம். ஒரு புத்தகத்துக்கு இரண்டு எழுத்துரு போதும்.

‘கொ’ என்று அடித்தால் ஒற்றைக்கொம்பும் ககரமும் துணைக்காலும் தனித்தனியாகவோ, நடுவில் புள்ளி வட்டத்தோடோ வந்தால் குற்றம் எழுத்துருவில் இல்லை, மென்பொருளின் எழுத்து இயந்திரத்தில் இருக்கிறது. பழைய ஃபோட்டோஷாப் பதிப்புகளில் டைப் அமைப்புக்குள் போய் ‘வேர்ல்ட்-ரெடி லேஅவுட்’ தேர்ந்தெடுத்து, மென்பொருளை மூடித் திறந்து, புதிய எழுத்துப் பெட்டியில் அடியுங்கள். இன்டிசைனில் பத்தி அமைப்பில் ‘வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்’. காசில்லாமல் செய்ய இங்க்ஸ்கேப் போதும், தமிழை ஒழுங்காகக் கோக்கும். எந்த மென்பொருளில் வரைந்தாலும் எழுத்தை மட்டும் இங்க்ஸ்கேப்பில் வைப்பது பிழைக்கான வாய்ப்பைக் குறைக்கும்.

பலூன் வால் பேசுகிறவரின் வாயை நோக்கிப் போக வேண்டும், வாயைத் தொடக்கூடாது. பாதித் தூரத்தில் நின்றால் அழகு. சத்தச் சொற்களைப் படத்தின் பகுதியாகக் கையால் வரையுங்கள். உப்பு சிதறும் சத்தத்துக்கு ‘பூம்’ வேண்டாம். ‘பொலபொல’ என்று சிறிதாகத் தொடங்கிப் பெரிதாகும் எழுத்து அந்த இடத்துக்குச் சொந்தமானது.

எழுத்து வைத்து முடித்ததும், கதை தெரியாத ஒருவரிடம் கொடுத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். எங்கே பலூன் வரிசை தவறிப் படிக்கிறாரோ அங்கே பலூனை நகர்த்துங்கள். விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். புத்தகத்தோடு நீங்கள் கூடப் போகப்போவதில்லை.

அச்சுக்கு அனுப்பும்போது

உள்பக்கம் 20, நான்கால் வகுபடுவதால் ஐந்து தாள் மடிப்பில் அடங்கும். கதை 21 பக்கம் ஆகிவிட்டால் மூன்று வெற்றுப் பக்கம் வரும், ஆகவே ஒரு பக்கத்தைக் குறைக்கத்தான் வேண்டும். முகம், எழுத்து எல்லாம் வெட்டு விளிம்பிலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே இருக்கட்டும். மடிப்புப் பக்கம் 8 முதல் 10.

உள்தாள் 100 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) மேப்லித்தோ தாள் கேளுங்கள். 70 ஜிஎஸ்எம் மலிவுதான், ஆனால் நான்காம் பக்கத்தின் முழுக் கருப்பு மூன்றாம் பக்கத்தில் நிழலாகத் தெரியும். அந்த ரகசியம் வெளுத்துவிடும். அட்டைக்கு 220 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு, நடுவில் இரண்டு பின்.

உள்பக்க எழுத்து கருப்பு மையில் மட்டும், நூறு சதவீதம் இருக்க வேண்டும். ஆர்ஜிபியில் (திரைக்கான வண்ண முறையில்) இருக்கும் கருப்பை அப்படியே அனுப்பினால் நான்கு மையும் சேர்ந்து வரும். கொஞ்சம் நகர்ந்தாலும் எழுத்து ஓரம் மங்கும். சில அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துக் குறியீடுகளில் வேலை நடக்கிறது, உங்கள் யூனிகோடு எழுத்துரு அங்கே இருக்காது. எழுத்தையெல்லாம் வடிவக்கோடாக (அவுட்லைன்) மாற்றி பிடிஎஃப் கொடுங்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பை உங்களிடம் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், மாற்றிய பிறகு ஒரு எழுத்துப்பிழையைக்கூடத் திருத்த முடியாது. பக்கங்களை ஒன்றிலிருந்து இருபது வரை வரிசையாகவே அனுப்புங்கள். தாள் மடிப்புக்கு ஏற்ப அடுக்குவது அச்சகத்தின் வேலை. நீங்கள் அடுக்கி அனுப்பி, அவர்களும் ஒருமுறை அடுக்கினால் கதை கலைந்துவிடும்.

மொத்தமும் அடிக்கும் முன் ஒரே ஒரு பிரதி எடுத்து, மடித்து, பின் அடித்துத் தரச் சொல்லுங்கள். திரையில் பார்த்ததை நம்பாமல் அந்தப் பிரதியில் மூன்றைப் பாருங்கள்: நடுப்பக்கத்தின் கிடைக்கோடு உடையாமல் ஓடுகிறதா, நான்காம் பக்கம் புரட்டிய பிறகுதான் தெரிகிறதா, 9 புள்ளி எழுத்தை டியூப்லைட் வெளிச்சத்தில் சிரமமில்லாமல் படிக்க முடிகிறதா.

இணையத்திலும் போடுவதென்றால் அதே பக்கங்களைச் சுருக்கிப் போடாதீர்கள், கைபேசியில் எழுத்து தெரியாது. கட்டங்களைப் பிரித்து 800 பிக்சல் அகலத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி, எழுத்தைப் பெரிதாக்கி மறுபடி வையுங்கள். அங்கே பக்கம் புரட்டுவது இல்லை. நான்காம் பக்கத்துக்கு முன்னால் ஒரு திரை உயரத்துக்கு வெறும் கருப்பு இடைவெளி விட்டால் அதே வேலையைச் செய்யும். நடுப்பக்கப் படத்தை நீளவாக்கில் திருப்ப வேண்டியிருக்கும்: மேலே அப்பா, கீழே விரலால் தள்ளித் தள்ளிப் போக உப்பு, கடைசியில் மகன்.